கண்டல் மேட்டில் பொக்லைன்

எண்ணூர் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களில் குப்பம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நகர்ந்து சேற்றில் விரல் ஓட்டினால், கை நிறைய இறால் வரும். தொண்ணூறுகளின் கடைசியில் அனல்மின் நிலையத்திலிருந்து ஆற்றில் சாம்பல் கலந்த சுடுநீர் இறங்கியது. சேறு சிமெண்டு மாதிரி இறுகியது. கூடை காலியாகவே வீடு திரும்பியது.

கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அலையாத்தி இனத்துக் கண்டல் செடி வளர்ந்தால் அதன் வேர்களுக்குள் இறால் குஞ்சு தங்கும் என்று சொல்லி, சில மூட்டை விதை கொடுத்துவிட்டுப் போனார்கள். குப்பத்தில் வேறு யாரும் அதைத் தொடவில்லை. குப்பம்மா ஆற்றோரச் சாம்பல் மேட்டில் நட்டாள்.

“சாம்பல்ல போய் செடி நட்டுகினுகீற, உனுக்கு இன்னா பைத்தியமா?” என்றான் கணவன் மனோகரன்.

ஆடு மேய்ந்தது, மறுபடி நட்டாள். உப்பில் கருகியது, மறுபடி நட்டாள். மூன்றாம் வருடம், 2005 ஆடியில், தோளுயரம் வளர்ந்த செடிகளின் வேரடித் தண்ணீரில் அரிசி நீளத்துக்கு இறால் குஞ்சுகள் துள்ளின. மனோகரனைக் கூட்டிவந்து காட்டினாள். மறுநாள் மூங்கில் வாங்கிவந்து மேட்டைச் சுற்றி வேலி கட்டினான்.

ஐப்பசியில் மழை பிடித்தது, விடவேயில்லை. மேலே ஏரிகளைத் திறந்துவிட்டார்கள். ஆறு கடலில் சேரும் முகத்துவாரமோ மணலடித்து மூடிக் கிடந்தது. வந்த தண்ணீர் போக வழியில்லாமல் குப்பத்துக்குள் ஏறியது. காலையில் முழங்கால், மதியம் இடுப்பு.

குப்பத்துத் தலைவர் செல்வம் ஆட்களைத் திரட்டினார். நாற்பது பேர் மண்வெட்டியோடு இரண்டு நாள் மணலை வெட்டினார்கள். குப்பம்மாவும் சுமந்தாள்.

“நாம ஒரு கூடை அள்னா, அலை ரெண்டு கூடை கொண்டாந்து கொட்டுது” என்று செல்வம் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் பொக்லைன் வந்தது. ஓட்டுநர் ஹபீபுல்லா இறங்கிச் சுற்றிப் பார்த்தார். “எங்க பார்த்தாலும் சேறு. வண்டி பொதைஞ்சுடும். முகத்துவாரத்துக்குப் போவ கெட்டியா கீற எடம் அந்தச் செடி மேடு ஒண்ணுதான்.”

எல்லோரும் குப்பம்மாவைப் பார்த்தார்கள்.

“அந்தாண்ட வேற வழியே இல்லியா?” என்றாள்.

“இல்லக்கா.”

குப்பத்து ஜனங்கள் ஏறியிருந்த சமூகக்கூடத்து மாடியில் பக்கத்துவீட்டு ஜெயஸ்ரீ, காய்ச்சல் பிள்ளையைத் தார்ப்பாயில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். குப்பம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“கொஞ்சம் நில்லு. வேலிய நானே பிரிக்கிறேன்.”

மூங்கிலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒதுங்கினாள். பொக்லைனின் இரும்புச் சங்கிலிச் சக்கரம் ஏறும்போது செடிகள் முறியும் சத்தம் மழையிலும் கேட்டது.

மூன்று மணிக்கு முகத்துவாரம் திறந்தது. அடைபட்ட தண்ணீர் இரைந்துகொண்டு கடலில் பாய்ந்தது. இருட்டுவதற்குள் வீடுகள் தெரிந்தன. தண்ணீர் போன வேகத்தில் மேட்டையும் பாதிக்குமேல் அறுத்துக்கொண்டு போயிற்று. ஜனங்கள் கைதட்டினார்கள். குப்பம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுததை மனோகரன் மட்டும் பார்த்தான்.

கல்லூரிக்காரர்களைத் தேடிப் போனாள்; அவர்கள் எங்கோ மாறிப்போயிருந்தார்கள். கோடையிலேயே மணலை அள்ளினால் செடியும் பிழைக்கும், வெள்ளமும் வராது என்று கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிக் கொண்டுபோனாள். “குட்த்துட்டுப் போம்மா” என்றார்கள். மூன்று முறை கொடுத்தாள். பிழைப்புக்குக் காசிமேட்டில் இறால் உரிக்கப் போனாள். ஆந்திராவில் குளம் வெட்டி வளர்த்த இறால்.

அடுத்த ஆனியில் முகத்துவாரம் மறுபடி மூடத் தொடங்கியது. செல்வத்திடம் ஓடினாள்.

“இப்பவே வெட்டலாம்பா.”

“மழைக்கு இன்னும் நாலு மாசம் கீதே யக்கா. எவன் வருவான்?”

யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளும் மனோகரனும் மட்டும் மண்வெட்டியோடு போனார்கள். மதியம்வரை வெட்டி ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் இழுத்தார்கள். அலை வந்து அதை மூடியது. மனோகரன் மண்வெட்டியைத் தோளில் போட்டான். அவள் நகரவில்லை.

“வாமே, வூட்டுக்குப் போலாம்.”

“நீ போ” என்று அவள் மறுபடி குனிந்தாள்.