டாக்டர் வித்யாவின் இரண்டு நாட்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாலட்சுமியைப் பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போனால் எப்படியும் கழற்றச் சொல்வார். காலைப் பார்த்துவிட்டுச் செருப்பையும் வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பார். உள்ளே விரலை விட்டு ஆணியோ கல்லோ தட்டுப்படுகிறதா என்று தடவுவார். புதிதாக வருகிறவர்கள் கூச்சப்படுவார்கள். அவருக்குக் கூச்சம் கிடையாது. சர்க்கரை நோயில் காலின் உணர்ச்சி போய்விட்டால் ஆணி குத்தினாலும் தெரியாது, ஆகையால் யாராவது தடவித்தான் ஆகவேண்டும் என்பார்.

நான் அங்கே வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுபெற்ற மறு வாரமே வித்யா ஆஸ்டின் டவுனில் என் வீட்டுக்கு வந்து, சும்மா உட்காரப் போகிறீர்களா, ஆராய்ச்சிக்காக என்னோடு வீடு வீடாக நடக்கப் போகிறீர்களா என்று கேட்டார். முழங்காலுக்கு நடை நல்லது. சரி என்றேன்.

வித்யாவின் தாத்தா காலத்திலேயே குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்துவிட்டது. அப்பா வெங்கடராமன் மாநில அரசில் இன்ஜினீயர். ஜெயநகரில் வீடு. கணவர் சஞ்சய் கம்ப்யூட்டர் கம்பெனியில்; பெண் ஸ்னேஹா பள்ளிக்கூடத்தில். வீட்டில் பாதிப் பேச்சு தமிழ், பாதி கன்னடம். இவ்வளவு வசதியாக இருப்பவர் நாற்பது தாண்டிய பிறகு ஏன் ஆராய்ச்சி என்று கிளம்பினார் என்று பலர் கேட்டார்கள். காரணம் எங்கள் வார்டில் படுத்திருந்தது. காலில் புண் என்று வருவார்கள், ஆற்றி அனுப்புவோம். சில மாதத்தில் பக்கத்திலேயே இன்னொரு புண்ணோடு வருவார்கள். பிறகு விரல் போகும், பிறகு பாதம் போகும். புண்ணை ஆற்ற மட்டும் நமக்குத் தெரிகிறது, வராமல் தடுக்கத் தெரியவில்லையே என்று கட்டுப்போடும் மேஜையருகே நின்று சொல்வார்.

அவருக்கு ஒரு யோசனை இருந்தது. புண் வரும் முன் அந்த இடம் உள்ளுக்குள் சூடாகும். வீட்டில் ஒருவர் தினமும் சாயங்காலம் புறங்கையை வைத்து இரண்டு பாதங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் சூடு தெரிந்துவிடும். அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்தால் புண் வராமலே போகலாம். விலையுள்ள கருவிகளை வைத்து வெளிநாட்டில் இதைச் செய்திருக்கிறார்கள். நம் குடிசைகளில் வெறும் கை போதுமா என்பதுதான் கேள்வி.

கேள்வி இருந்தால் போதாது, நேரம் வேண்டும். சிகிச்சை பார்க்கும் டாக்டர்களை ஆராய்ச்சிக்குப் பழக்குவதற்கென்று ஒரு அறக்கட்டளை உதவித்தொகை கொடுக்கிறது. வாரத்தில் இரண்டு நாளுக்கான சம்பளத்தை அது ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிடும். அந்த நாட்களில் வேறு டாக்டர் அவர் இடத்தில் உட்காருவார். கூடவே, அனுபவமுள்ள ஆராய்ச்சியாளர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். மூன்று வருடம் கழித்து, என்ன செய்தாய் என்று கேட்டுத்தான் மேற்கொண்டு கொடுப்பார்கள். வித்யாவுக்குக் கிடைத்தது. செவ்வாயும் வியாழனும் அவருடைய நாட்கள் என்று ஆயிற்று.

வழிகாட்டி என்றதும் நரைத்த தலையை எதிர்பார்த்தோம். முதுகுப் பையும் சைக்கிளுமாக கேசவ் வந்தார். வித்யாவைவிடச் சின்னவர். மருத்துவம் படித்துவிட்டு நோய்க் கணக்கியலில் இறங்கியவர். இவர் அவரை சார் என்பார், அவர் இவரை மேடம் என்பார். இரண்டு பேரும் மரியாதையாகவே சண்டை போடுவார்கள்.

முதல் சண்டை நாட்களைப் பற்றித்தான். வித்யா செவ்வாய்க்கிழமையும் ஓ.பி.க்குள் நழுவிவிடுவார். அவர் இடத்தில் உட்கார்ந்த டாக்டர் ரித்விக் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார், செருப்பைப் பார்ப்பதில்லை என்று நோயாளிகள் புகார் சொன்னார்கள். சூப்ரண்டெண்ட் டாக்டர் ரங்கநாதனும் போன் செய்வார். கெட்ட மனிதர் இல்லை. ஆள் பற்றாத ஆஸ்பத்திரியை ஓட்டுகிறவர். "இன்னைக்கு உங்களுக்கு வேலை இல்லாத நாள்தானே டாக்டர், ஸ்வல்ப நேரம் வந்துட்டுப் போங்க" என்பார். இவரும் போவார்.

இது கேசவ் காதுக்கு எட்டியது. ஒரு செவ்வாய்க்கிழமை ஓ.பி.க்கு வந்து, மற்றவர்களைப் போலவே டோக்கன் எடுத்து, ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார். வித்யாவுக்காகக் காத்திருந்த நான் பார்த்தும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் முறை வந்தது. வித்யா நிமிராமலே கையை நீட்டினார். கேசவ் ஷூவைக் கொடுத்தார். உள்ளே விரலை விட்டுத் தடவிய பிறகுதான் இது யாருடைய ஷூ என்று வித்யா நிமிர்ந்து பார்த்தார்.

"கால்ல ஒண்ணுமில்ல மேடம். வாரத்துல ரெண்டு நாள் காணோம். எப்ப போச்சுன்னே தெரியல. உணர்ச்சி போயிடுச்சு போல" என்றார் கேசவ்.

பக்கத்தில் இருந்த கிழவி சிரித்துவிட்டாள், விஷயம் புரியாமலே. வித்யா மிச்ச வரிசையைப் பார்த்து முடித்துவிட்டு, அறைச் சாவியை ரித்விக்கிடம் கொடுத்தார். செருப்பை எப்படிப் பார்ப்பது என்றும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு செவ்வாய், வியாழனில் நாங்கள் குடிசைகளும் சந்துகளும் நெருக்கியடித்த நீலசந்திராவில்தான் இருந்தோம்.

அங்கே சர்க்கரை நோயாளிகளை வீடு வீடாகச் சீட்டுப் போட்டு இரண்டு பக்கமாகப் பிரித்தோம். இரண்டு பக்கத்துக்கும் நல்ல செருப்பும் வழக்கமான அறிவுரையும் கொடுத்தோம். ஒரு பக்கத்து வீடுகளுக்கு மட்டும் புறங்கை வைத்துப் பார்க்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தோம். இரண்டு பக்கத்திலும் எத்தனை புண் வருகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

மூன்றாம் வருடம் கேசவ் கணக்குப் போட்டார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. வித்யா அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை என்று சஞ்சய் என்னிடம் சொன்னார். கை வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை என்றால் ஆராய்ச்சி முடிந்தது. உதவித்தொகையும் அந்த இரண்டு நாட்களும் அதோடு போகும். இந்த வயதுக்கு மேல் இன்னொரு தடவை கிடைக்காது.

விஷயம் வெளியே வந்தது முனிரத்தினம் வீட்டு வாசலில். அவர் பழைய கொத்தனார். முறையைச் சொல்லிக்கொடுக்காத பக்கத்து ஆள். வித்யா அவர் பாதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்தார். முனிரத்தினம் நீட்டிய காலை மடக்கவில்லை.

"கை வெச்சிப் பாக்கலியா டாக்டர்? டோரீன் டெய்லி வெச்சிப் பாக்குமே."

டோரீன் எதிர்வீட்டுப் பெண். தையல் கடையில் வேலை. அவள் அப்பாவுக்காக அவளுக்கு முறையைச் சொல்லிக்கொடுத்திருந்தோம். அந்தச் சந்தில் ஒரே குழாய், வீட்டுக்கு வீடு பொதுச் சுவர். யார் வீட்டில் ஊசி போடத் தெரிந்தவர் இருந்தாலும் சந்துக்கே அவர்தான் போடுவார். டோரீன் அப்பா காலைப் பார்த்து முடித்ததும் சந்தில் உள்ள எல்லாக் கால்களையும் பார்த்துவிட்டுத்தான் சமைக்கப் போவாளாம். மற்ற சந்துகளிலும் விசாரித்தோம். எல்லா இடத்திலும் இதே கதை, பெயர்தான் வேறு.

அதாவது, முறை பயன்படாமல் போகவில்லை. இரண்டு பக்கமும் அதைச் செய்துவிட்டார்கள். ஆனால் அதை நிரூபிக்க வழியில்லை. நானும் வித்யாவும் வருடக்கணக்காக அந்தச் சந்துகளில் நடந்தவர்கள். எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை.

கேசவ் கோபப்படவில்லை. நீலசந்திராவை வரைபடத்தில்தான் பார்த்தேன், தப்பு என்னுடையதும்தான் என்றார். அறக்கட்டளையின் மறு ஆய்வுக்குச் சில மாதங்கள் இருந்தன. வித்யா ஒன்று கேட்டார்: மற்றவர்களுக்குப் பார்ப்பதை டோரீனும் அவளைப் போன்றவர்களும் அதுவரை நிறுத்தினால், வித்தியாசம் கொஞ்சமாவது தெரியாதா? தெரியலாம் என்றார் கேசவ். அதைச் சொல்லிவிட்டுச் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் சொல்லமாட்டேன் மேடம். போய்ச் சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும்" என்றார்.

வித்யா சொல்லத்தான் போனார். நாங்கள் போனபோது முனிரத்தினத்தின் கால் டோரீன் மடியில் இருந்தது. அவள் புறங்கையை வலது கட்டைவிரலின் அடியில் வைத்தாள், இடது காலில் வைத்தாள், மறுபடி வலதில் வைத்தாள்.

"டாக்டர், இங்க பாருங்க. கொதிக்குது."

வித்யா உட்கார்ந்து தன் கையை வைத்துப் பார்த்தார். சூடுதான். மேலே தோலில் ஒன்றும் இல்லை. அன்றே காலுக்கு ஓய்வு, வேறு செருப்பு, மருந்து என்று எல்லாம் ஏற்பாடு செய்தார். எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, "நல்லாப் பாக்கறே. விடாம பாரு" என்று டோரீனிடம் சொல்லிவிட்டு நடந்தார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லையே என்று நான் கேட்கவில்லை. முனிரத்தினத்துக்குப் புண் வரவில்லை.

மறு ஆய்வுக்குப் போவதற்கு முன் ஒரு மாதம் கேசவும் வித்யாவும் நடந்ததை நடந்தபடியே எழுதினார்கள். அவர் கோடு போட்டு அடித்ததை இவர் மறுபடி எழுதுவார், இவர் எழுதியதை அவர் அடிப்பார். எங்கள் தப்பு என்ற வரியை மட்டும் இரண்டு பேரும் அடிக்கவில்லை.

மறு ஆய்வன்று நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குழுவில் இருந்தவர்கள் பெரிய டாக்டர்கள். அவர்களில் ஒரு அம்மாள், டோரீனை நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்று தமிழிலேயே கேட்டார்.

"சொல்லத்தான் போனேன் மேடம்" என்றார் வித்யா. "போனப்போ அவ மடியில ஒருத்தர் கால் இருந்தது. சொல்ல வரல. அங்க வீடு வீடாப் பிரிக்க முடியாது, முழுச் சந்தாத்தான் பிரிக்கணும். அதைத் தெரிஞ்சுக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு."

அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார்.

பதில் போனில் மெயிலாக வந்தபோது நாங்கள் ஆட்டோவில் இருந்தோம். மூன்று வருடம் கேட்டதற்கு ஒரு வருடம் கொடுத்திருந்தார்கள். புதிய இடத்தில், சந்து சந்தாகப் பிரித்து, சின்ன அளவில் செய்து காட்ட வேண்டும். பிறகு பார்க்கலாம் என்றிருந்தது. வித்யா இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு வருஷம் சிஸ்டர் என்றார். உடனே கேசவுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் கேசவ், ஸ்ரீராம்புரத்தில் சந்துகளை ஏற்கெனவே நடந்தே பார்த்துவிட்டேன் என்றாராம்.

சீட்டுப் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு சந்தின் பெயரையும் எழுதி மடித்து வித்யாவின் டிபன் டப்பாவில் போட்டார்கள். இந்தத் தடவை டோரீனையும் வேலைக்கு வைத்துக்கொண்டோம். சீட்டு விழும் சந்துகளில் முறையைச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. மற்ற சந்துகளுக்கு வருடம் முடிந்ததும் சொல்லித்தருவாள். அவளைத் தடுக்க முடியாது என்று தெரிந்தபின் சம்பளம் கொடுத்துக் கூட வைத்துக்கொள்வதுதான் புத்தி. டப்பாவைக் குலுக்கும்போது அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அஞ்சாவது சந்துல எங்க சித்தி கீது டாக்டர். சக்கர. அந்தச் சீட்டு வரலன்னா நான் இன்னா பண்றது?"

கேசவ் வித்யாவைப் பார்த்தார். வித்யா டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து ஐந்தாவது சந்தைத் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இது கணக்குல இல்ல. நீ போய்ப் பாரு" என்றார். கேசவ் அந்தச் சந்தை ஏன் நீக்கினோம் என்று எழுதிக்கொண்டார். மிச்சச் சீட்டுகளை மறுபடி மடித்து டப்பாவில் போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து வித்யாவின் போன் அடித்தது. ரங்கநாதன். வித்யா ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். டாக்டர் வேலையில் இருக்கிறார் என்று சொல்லி நான் வைத்தேன். அதற்குள் வித்யா முதல் சீட்டை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.