மிஸ்டு கால் கொடுத்த வள்ளம்

என் வாழ்க்கையில் நான் அதிகம் பீற்றிக்கொண்டது ஒரு மோட்டாரைப் பற்றித்தான். பேட்டரியில் ஓடும் படகு மோட்டார். வண்ணார்பேட்டையில், பஸ் இரைச்சலுக்கு நடுவே ஒரு தகர ஷெட்டில், நானும் கூட வேலை பார்க்கும் இரண்டு பேரும் இரண்டு வருடம் மாங்குமாங்கென்று உழைத்துச் செய்தது. டீசல் வேண்டாம், புகை கிடையாது. போக வேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டால், மோட்டாரோடு இருக்கும் பெட்டி வள்ளத்தைத் தானே நேராகக் கொண்டுபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தமே கிடையாது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஓட்டிப் பார்த்தபோது பக்கத்தில் நின்ற கொக்குகூடப் பறக்கவில்லை. அந்தக் கொக்கின் கதையைக் கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை.

எங்கள் வீட்டில் மீன் வாடையே ஆகாது. இன்ஜினியரிங் படித்த பெண் தினமும் கடலோர ஊரான உவரிக்கு பஸ் ஏறுகிறாளே என்று அம்மாவுக்கு வருத்தம். எனக்கோ கடலுக்குள் அரை மணி நேரம் போனால் குடலே வாய்க்கு வந்துவிடும். ஆனாலும் கடலில் ஓடாவிட்டால் அது என்ன படகு மோட்டார்?

உவரியில் ஒரே ஒரு மீனவர்தான் சம்மதித்தார். அவருக்கு இருந்ததும் ஒரே வள்ளம்தான். அவரும் அவர் தம்பியும் விடியலில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார்கள். அந்தத் தொழிலுக்கு எங்கள் பேட்டரி தாங்கும். பழைய டீசல் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு எங்களுடையதை மாட்டினார்.

"மூணு நாளு பாக்கேன் தங்கச்சி. சரிப்படலன்னா கழட்டிருவேன். வருத்தப்படக் கூடாது" என்றார். அவர் கழற்றினால் அந்தக் கரையில் வேறு யாரும் மாட்ட மாட்டார்கள். இரண்டு வருட உழைப்பும் அதோடு அம்பேல்.

முதல் நாள் வள்ளம் திரும்பி வருவதைக் கரையில் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகாக வந்தது. என்னைத் தவிர அங்கே ஒரு ஈ காக்கை இல்லை என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

உவரியில் வள்ளம் கரையேறுவது மோட்டாரால் மட்டும் ஆகிற காரியமில்லை. அலை உடைகிற இடத்தில் நாலைந்து பேர் இறங்கி, கயிற்றைப் பிடித்து, அடுத்த அலை வருமுன் இழுத்துவிட வேண்டும். அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டதுமே இது இன்னார் வள்ளம் என்று தெரிந்துவிடும். வீட்டில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வருவார், வலை பின்னிக்கொண்டிருக்கும் சொந்தக்காரர்கள் எழுந்து வருவார்கள். அன்று யார் காதிலும் ஒன்றும் விழவில்லை. அலை வள்ளத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டது. நல்லவேளை, இருவருக்கும் அடி இல்லை. பிடித்த மீனில் பாதி கடலுக்கே திரும்பிப் போனது.

"சத்தமில்ல, சத்தமில்லன்னு பெருமையடிச்சீயளே, பாத்தீயளா?" என்று மீனவர் கத்தினார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல அண்ணாச்சி?" என்று நானும் எகிறினேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

"எந்தக் கையால? அலைக்குள்ள உங்க பெட்டிய நம்ப முடியுமா? ஒரு கை சுக்கான்ல, ஒரு கை கயித்துல. போனு பாலித்தீன் பைக்குள்ள கெடக்கு."

தப்பு முழுக்க என்னுடையது. அணைக்கட்டில் படகை இழுக்க ஆள் தேவைப்படவில்லை. அதனால் இழுக்க வருகிறவர்களைப் பற்றி நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. அதையும் அந்த மூன்று நாளில் ஒன்றாகவே எண்ணிக்கொண்டார். நான் வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு பஸ் ஹாரனை வாங்கிக்கொண்டு போய், வள்ளத்தில் கட்டி அடித்துக் காட்டினேன். அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார்.

"இத அடிச்சா, பஸ்ஸு வந்துட்டுன்னு எல்லாரும் ரோட்டுக்குல்லா ஓடுவாங்க!" என்றவர், சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "மீன் ஏவாரி ஊருக்குள்ள நுழையும்போதே எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பாரு. நான் கூடையோட வந்து நிப்பேன். உங்க பெட்டிக்கு அது தெரியாதாக்கும்?"

எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. வள்ளம் எங்கே இருக்கிறது என்பது பெட்டிக்கு எப்போதும் தெரியும். கரையை நெருங்கியதும் போன் அடிக்கச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அன்று முழுக்க வள்ளத்து நிழலில் உட்கார்ந்து, பெட்டிக்குள் ஒரு சிம் கார்டைப் போட்டு, இழுக்க வருகிற ஐந்து பேருடைய நம்பரை ஏற்றினேன்.

மூன்றாம் நாள் கையில் ஸ்பேனரோடு போனேன். கழற்றச் சொன்னால் அங்கேயே கழற்றிவிட வேண்டுமே. கடலில் ஒரு புள்ளியும் தெரியவில்லை. திடீரென்று அவர் மனைவியின் போன் அடித்து நின்றது. அடுத்து வலைக்கூடத்தில் ஒன்று, அதற்கடுத்து இன்னொன்று. எல்லோரும் எழுந்து வந்தார்கள். வள்ளம் கண்ணுக்குத் தெரிந்தபோது, இழுக்கிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் தயாராக நின்றார்கள். வள்ளம் நெருங்கியதும் மனைவி வாயருகே கையைக் குவித்து ஏதோ கத்தினார். தள்ளி நின்ற எனக்கு அலை இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. வள்ளம் அலைமேல் ஏறி, ஒரே இழுப்பில் மணலுக்கு வந்துவிட்டது.

அவர் இறங்கி நேராக மனைவியிடம் போய் ஏதோ கேட்டார். மனைவி வெடுக்கென்று பதில் சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். எனக்குப் பொறுமை இல்லை. "கழட்டணுமா அண்ணாச்சி?" என்று கேட்டே விட்டேன்.

"அந்த எஞ்சின் போடுத கூச்சல்ல, இருவது வருசமா இவ கரையில நின்னு வாயசைக்கது மட்டுந்தான் தெரியும் தங்கச்சி. என்னைய ஏசுதாளாக்கும்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். "இன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு. பைய வாங்க, பாத்து வாங்கன்னுல்லா சொல்லியிருக்கா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரே சொன்னார்.

"மோட்டாரு அப்படியே கெடக்கட்டும். நாளைக்கும் கேக்கணும்லா" என்று சொல்லிவிட்டு மீனை இறக்கப் போனார்.