விரலில் பின்னிய தோரணம்

சித்தியைப் பெண் பார்க்க செவ்வாப்பேட்டையிலிருந்து வந்தவர்கள் முதலில் சித்தியைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக் கம்பளி நூல் சாமான்களைத்தான் பார்த்தார்கள். பார்க்காமல் இருக்கவும் முடியாது. வாசலில் சிவப்பும் பச்சையுமாகக் குஞ்சம் தொங்கும் தோரணம், படியில் கால்மிதி, குடத்துக்கு அடியில் பிரிமணை, பிரிட்ஜ் கைப்பிடிக்கு ஓர் உறை. ஆரம்பாக்கத்தில் வேறு எந்த வீட்டு பிரிட்ஜும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டதில்லை.

எல்லாம் மாமாவின் கைவேலை. அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டினார். மீசை பெரியது, குரல் அதைவிடப் பெரியது. எளாவூர் செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள். மாமா ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்து நூல் பின்னுவார். வடக்கே ஏதோ ஒரு தாபாவில் பழக்கமான டிரைவர் சொல்லிக் கொடுத்தாராம். லாரி முகப்பில் குஞ்சம் கட்டுவதற்காகக் கற்றுக்கொண்டது. லாரியில் இடம் தீர்ந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஊசி கிடையாது. இடது கையின் நான்கு விரல்களிலும் நூலை முன்னும் பின்னுமாக ஓட்டி, அதன்மேல் இன்னொரு சுற்று ஓட்ட வேண்டும். பிறகு கீழ்ச்சுற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி, விரல்நுனிக்கு மேலாகக் கழற்றிப் பின்னால் விட வேண்டும். இப்படியே செய்துகொண்டு போனால் புறங்கைப் பக்கமாகப் பின்னல் வால்போல இறங்கிக்கொண்டே வரும். பெண் பார்க்கும் நாளை முன்னிட்டு லோடு எடுக்காமல் வீட்டில் இருந்த மாமா, எனக்கும் சித்திக்கும் இதைக் கற்றுக்கொடுத்தார். நான் அப்போது அஞ்சாம் கிளாஸ். எனக்குப் பாதி வழியில் நூல் சிக்கிக்கொள்ளும். சித்திக்குச் சிக்கவே சிக்காது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் மெல்லிய ஒயர்களைக் கோத்துக் கட்டுகிற வேலை அவளுக்கு. பேசிக்கொண்டே, டிவி பார்த்துக்கொண்டே பின்னுவாள். அந்தத் தோரணத்தில் பாதி சித்தி பின்னியது.

மாப்பிள்ளையின் அம்மா தோரணத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஷோக்கா கீதே! யார் பண்ணது?"

அவ்வளவு ஆண்கள் நடுவில் "நான்தான்" என்று சொல்ல மாமாவுக்குக் கூச்சமாகிவிட்டது போலும். மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாம் நம்ம பொண்ணு பண்ணதுதாம்மா" என்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. "அப்ப நல்லதாப் போச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் கம்பெனிக்கெல்லாம் போவ வேணாம். ஊட்ல இருந்துக்கினு இது மாதிரி எதுனா பண்ணிக்கினு இருக்கட்டும்."

"அதுக்கின்னாம்மா, நீங்க சொன்னா சரிதான்" என்றார் மாமா உடனே.

சித்தி காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எல்லாம் விரலிலேயே பின்னியது என்றும் மாமா சொல்லிவைத்தார். "ஊசியே இல்லாமலா? எனக்கும் கொஞ்சம் காட்டும்மா" என்று அந்த அம்மா ஆசையாகத்தான் கேட்டார். மாமா ஓடிப்போய் நூல்கண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சித்தி பாயில் உட்கார்ந்தாள். நூலை விரலில் சுற்றினாள். கழன்றது. மறுபடியும் சுற்றினாள். இந்தத் தடவை முடிச்சு விழுந்தது. கூடத்தில் எல்லோரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. பின்னாமலே இருந்தாலும் பரவாயில்லை, இப்படிக் குழந்தைபோலத் தடுமாறுகிறாளே என்றிருந்தது. நான் பின்னிக் காட்டிவிடலாமா என்று எழுந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

மாமாவால் தாங்க முடியவில்லை. "பொண்ணு மேல தப்பில்லம்மா. நான்தான் பொய் சொல்லிட்டேன். இதெல்லாம் நான் பண்ணது" என்று சொல்லி, சித்தியின் கையிலிருந்து நூலை வாங்கினார். அதோடு விட்டிருக்கலாம். உண்மையை நிரூபிக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தப் பெரிய மீசையும் தானுமாகப் பின்னிக் காட்டத் தொடங்கினார்.

மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய அப்பா பொத்திக்கொள்ளவில்லை. "நல்ல வேளை, லாரியும் பொண்ணுதான் ஓட்டுதுன்னு சொல்லாம வுட்டீங்களே!" என்றார். கூடம் சிரித்தது. ஜன்னலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். மாமாவும் கூடவே சிரித்துவைத்தார். நான் பின்பக்கம் ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நாளைக்கு ஸ்கூலில் எல்லோரும் கேட்பார்கள் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

சாயங்காலமே போன் வந்தது. பொய்யில் ஆரம்பிக்கிற சம்பந்தம் வேண்டாமாம்.

மாமா ஸ்டூல் போட்டு ஏறித் தோரணத்தை அவிழ்த்தார். பாவம் சித்தி என்று எனக்கு இருந்தது. மிச்ச நூலை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். அவள் காலை ஷிப்டுக்கு யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "மறந்துபோச்சா சித்தி? ரொம்ப ஈஸி, நான் சொல்லித் தரேன்" என்றேன். இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு நூலை வாங்கினாள். நான் சொல்லத் தொடங்குவதற்குள் ஒரு சாண் நீளம் பின்னி என் கையில் போட்டாள்.

"அப்ப ஏன் வரல?"

"வரல, அவ்ளோதான். போய்ப் படி."

பயந்தால் தெரிந்ததுகூட மறந்துபோகும் என்று முடிவு செய்துகொண்டு, அதன்பின் பல பரீட்சைகளுக்குப் பயப்படாமலே போய்ப் பார்த்தேன். மார்க் ஒன்றும் ஏறவில்லை. இந்த மாப்பிள்ளை வேண்டாம், வேலையை விட மாட்டேன் என்று சொல்ல அந்தக் கூடத்தில் சித்திக்கு அந்த விரல்களைத் தவிர வேறு வாய் இருக்கவில்லை என்பது, நானே ஒரு கம்பெனி பஸ்ஸில் ஏறத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

அன்று ராத்திரி மாமா சாப்பிட உட்கார்ந்தபோது, "என் வாயாலதான் கெட்டுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்திதான் பரிமாறினாள். கேட்காமலே குழம்பு ஊற்றினாள், கேட்காமலே மோர் ஊற்றினாள். அவர் கை கழுவும்வரை நின்றாள். ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் மேல் இவ்வளவு கோபமா என்று அப்போது எண்ணி, மாமாவுக்காக நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.