அக்காவின் தபால் கார்டுகள்

பெரியப்பா மகளுக்கு மூன்று பாஷை தெரியும் என்பதை அவள் எனக்குச் செய்த துரோகமாகவே நான் நினைத்திருந்தேன். அவள் அம்மா, அதாவது என் பெரியம்மா, மைசூர் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரில் பிறந்தவள். அதனால் கன்னடம். அக்கம்பக்கத்து வீடுகளில் தெலுங்கு. பள்ளிக்கூடத்தில் தமிழ். எனக்கோ தமிழை விட்டால் தெலுங்கில் நாலு வசவு மட்டும்தான் வரும்.

ஓசூருக்குத் தெற்கே, காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. காட்டு மிருகங்களுக்கு வெக்கை நோய் கண்டால் அடுத்து ஊர் மாடுகளுக்குத்தான் என்று அந்த வருஷம் மாட்டு டாக்டர் வந்து எச்சரித்தார். வாயில் புண், ஒழுகும் எச்சில், பிறகு கழிச்சல், சாவு. "காட்டுல மேயற எருமைக்கு இது மதராசு, அது மைசூருன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, விலாசம் எழுதிய தபால் கார்டுகளை ஒரு கட்டாக அக்காவிடம் கொடுத்தார். பாதி அவருக்கு, பாதி எல்லைக்கு அப்பால் இருந்த கன்னடத்து டாக்டருக்கு. ஆடு மேய்ப்பவர்களும் பாரஸ்ட்காரரும் காட்டில் எது செத்துக் கிடந்தாலும் அக்காவிடம் சொல்ல வேண்டும். அவள் தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று எழுதிப் போட வேண்டும்.

அடேயப்பா, அதற்குப் பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை! மீசை வைத்த ஆட்களெல்லாம் வாசலில் நின்று, "பாப்பா இல்லியா?" என்று அவளைத் தேடுவார்கள். பக்கத்திலேயே நிற்கும் என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, "எந்த எடத்துல? எத்தினி நாளாச்சு?" என்று அவள் விசாரிக்கும்போது எனக்கு வயிறு பற்றி எரியும். என்னைவிட ரெண்டே வயசு மூத்தவள்! என் அப்பாகூட, "அவளப் பாத்துக் கத்துக்கோ" என்றார். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

ஒரு மத்தியானம் அக்கா துணி துவைக்கப் போயிருந்தபோது பாரஸ்ட்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"ஏரிக்கரையில காட்டெருமை மூணு செத்துக் கெடக்குது. வாயெல்லாம் புண்ணு. அக்கா வந்ததும் சொல்லிடும்மா, மறந்துடாத."

தலையை ஆட்டினேன். சொல்வேனா நான்? எங்கள் டாக்டருக்கு நானே எழுதி, அடியில் கொட்டை எழுத்தில் என் பெயரைப் போட்டுத் தபால்பெட்டியில் சேர்த்தேன். கன்னடக் கார்டுக்கு அவளைக் கேட்க வேண்டும். கேட்டால் பெயர் அவளுக்குப் போய்விடும். கார்டுக் கட்டின் இரண்டு பாதியும் சமமாகக் குறையட்டும் என்று, கன்னடத்து டாக்டர் விலாசம் போட்ட வெற்றுக் கார்டு ஒன்றை அடுப்பில் போட்டேன். அந்த வயதுக்கு அது பெரிய சாமர்த்தியம்தான்.

நாலாம் நாள் டாக்டர் ஜீப்பில் வந்து ஊர் மாடுகள் அத்தனைக்கும் ஊசி போட்டார். எழுதியது யார் என்று கேட்டு என் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா மட்டும் என்னை ஓரமாக இழுத்து, "கன்னடத்து டாக்டருக்கு?" என்றாள்.

"எங்க வாத்தியாரு எழுதிக் குடுத்தாரு. போட்டாச்சு."

அவள் நம்பிவிட்டாள்.

எங்கள் ஊரில் ஒரு கன்றுகூடச் சாகவில்லை. மூன்று வாரம் கழித்துப் பெரியம்மாவின் தம்பி வந்தார். வாசலிலேயே உட்கார்ந்து கன்னடத்தில் ஏதோ சொல்லி அழுதார். பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"மாமா வீட்டுல மாடு ஒண்ணுகூட மிஞ்சலியாம். அங்க கார்டே வரலியாம்" என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

"தபால்காரரு தொலைச்சிருப்பாரு" என்றேன்.

மறுநாள் பெரியம்மாவும் அக்காவும் மாமாவோடு கிளம்பினார்கள். விதைப்புக்காலத்தில் உழ மாடில்லாத வீடு அது. அங்கே நிலத்தை மண்வெட்டியால் கொத்தத்தான் அக்கா போனாள் என்பதும், அந்த வருஷத்துப் பரீட்சையை அவள் எழுதவே இல்லை என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தன. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நான் பிறந்ததிலிருந்து பஸ் ஏறியதில்லை. அவளோ ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். எல்லாம் இவளுக்கே கிடைக்கிறதே என்று, பஸ் கண்ணை விட்டு மறைந்த பிறகும் ரோட்டில் நின்று அழுதேன்.