மூக்குத்தியைத் துடைத்தவர்கள்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை டிஸ்க்கில் போட்டு விற்கும் ஒரு சென்னைக் கம்பெனிக்குப் படத்தின் தரம் பார்த்துச் சொல்வது என் வேலை. சொன்னதைக் கேட்பது அங்கே யாருடைய வேலையும் இல்லை.

ஆசையாகப் பழைய படம் போட்டு, நடிகர்கள் முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல இருக்கிறதே என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர்களே, நீங்களும் என் கட்சிதான். கோளாறு உங்கள் கண்ணில் இல்லை. நான் இருப்பது அந்தமானின் போர்ட் பிளேரில். இங்குள்ள நெட்டில் அவ்வளவு பெரிய ஃபைல் இறங்காது, அதனால் ஹார்ட் டிஸ்க் கப்பலில் வரும். பிலிமிலிருந்து எடுத்த அசல் பிரதியும், கம்பெனி 'சுத்தம்' செய்த பிரதியும் அதில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு நான் 'சரி' என்று எழுத வேண்டும். போனில் எனக்குப் பேச்சு வராது. கோபத்தையெல்லாம் ரிப்போர்ட்டில்தான் கொட்டுவேன். இந்த ஒரு படத்துக்குக் கொட்டியதுபோல எதற்கும் கொட்டியதில்லை.

மழையைக் காணோம்

காதலர்கள் ஒரே குடைக்குள் ஒண்டி நிற்கிறார்கள். அசலில் கொட்டோ கொட்டென்று மழை. சுத்தம் செய்த பிரதியில் ஒரு சொட்டு இல்லை. சொட்டச் சொட்ட நனைந்த இருவரும் காய்ந்த தெருவில் நின்று நடுங்குகிறார்கள். என் ஜன்னலுக்கு வெளியே நிஜ மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அதை அள்ளிக்கொண்டு போய் அவர்கள் ஆபீசில் ஊற்றலாம் போலிருந்தது. கீறல்களை அழிக்கும் சாஃப்ட்வேரை ஓட்டுபவர் தினேஷ். என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நிதானமாகப் போன் செய்தார்.

"கோடு கோடா இருந்துச்சா, கீறல்னு எடுத்துடுச்சு மேடம். அதான் குடை இருக்கே, மழைன்னு ஜனங்களுக்குப் புரியாதா?"

கால் எங்கே?

அதே படத்தில் நாயகி ஆடுகிறாள். சலங்கை கேட்கிறது, கால் இல்லை. அந்தக் காலப் படம் கிட்டத்தட்டச் சதுரம், இந்தக் கால டிவி அகலம். அதை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். மேலே கொண்டை போச்சு, கீழே பாதம் போச்சு. வருஷக்கணக்காகப் பழகி ஆடிய ஒருத்தியின் காலை வெட்ட இவர்கள் யார்? 'பக்கங்களைக் கறுப்பாக விட்டு முழுப்படத்தையும் காட்டுங்கள்' என்று எழுதினேன். முதலாளியே கூப்பிட்டார்.

"கறுப்பா விட்டா டிவி ரிப்பேர்னு நினைக்கிறான்மா. மூஞ்சி தெரியுதுல்ல, கால் எதுக்கு?"

வண்டூர் வீட்டில்

மாதிரி டிஸ்க்கைச் சாதாரண வீட்டு டிவியிலும் போட்டுப் பார்ப்பேன். பக்கத்துக் கடலோர ஊரான வண்டூரில் ஸ்டெல்லா அக்கா வீட்டில் நெட் எடுக்காது, அதனால் டிஸ்க் பிளேயர் இன்னும் ஓடுகிறது. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அவர் கணவர் மீன்பிடிக்கப் போகிறவர். அதே படத்தைப் போட்டோம். நாயகியின் மூக்குத்தி ஒரு ஷாட்டில் மின்னியது. அடுத்ததில் இல்லை. மறுபடி வந்தது, மறுபடி போனது. தூசி என்று அதையும் துடைத்திருக்கிறார்கள்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு குறித்துக்கொண்டிருந்தேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அரே பிள்ள, இவ என்ன ஒவ்வொரு சீனுக்கும் மூக்குத்திய அடகு வச்சு மீட்டுட்டு வாராளா?"

காலி டிஸ்க்

'சரியில்லை' என்று எழுதி அனுப்பினேன். முதலாளி தானே 'சரி' போட்டு, படத்தை அப்படியே கடைக்கு அனுப்பிவிட்டார். அதோடு விட்டாரா? "உன்கிட்ட இருக்கிற ஹார்ட் டிஸ்க்கை முழுசா அழிச்சு அனுப்பு, அடுத்த படம் ஏத்தணும்" என்று போனில் சொன்னார். பிலிம் சுருள் ஈரத்தில் ஒட்டிப்போய் முன்பே குப்பைக்குப் போயிருந்தது. சென்னையில் இருந்த அசல் பிரதியையும் இடமில்லை என்று அழித்திருந்தார்கள். நானும் அழித்தால் அந்த மழை உலகத்தில் எங்கேயும் பெய்யாது.

"அழிக்கக் கூடாது சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அதெல்லாம் தெரியாது, அடுத்த கப்பல்ல காலி டிஸ்க் வந்தாகணும்" என்று போனை வைத்துவிட்டார்.

காலி டிஸ்க்தானே வேண்டும்? ஊர்க் கடைத்தெருவான அபர்தீன் பஜாருக்குப் போய் அதேபோல் புதிதாக ஒன்று வாங்கிப் பார்சல் கட்டி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டார்.

"புதுசு மாதிரி துடைச்சு அனுப்பியிருக்கியேம்மா! வேலைன்னா இப்படி இருக்கணும்."

அந்த மழையும் பாதங்களும் மூக்குத்தியும் இப்போது ஈரக்காற்று படாமல் எங்கள் வீட்டு அரிசி டப்பாவுக்குள் இருக்கின்றன, டப்பாவின் மேல் மட்டும் 'சரி' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.