அண்ணன் மகள் ஏறிய வேன்

காலையில் இங்கிலீசு நர்சரிப் பள்ளியின் மஞ்சள் வேன் எங்கள் அங்கன்வாடிக்கு எதிரில்தான் வந்து நிற்கும். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். எடப்பாடிப் பக்கம், விசைத்தறி ஓடும் தெரு எங்களுடையது. பிள்ளைக்கு மூன்று வயது ஆனால் போதும், டை கட்டி அந்த வேனில் ஏற்றிவிடுகிறார்கள். சத்துமாவு வாங்க மட்டும் அம்மாக்கள் என்னிடம் வருவார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிகிரி முடித்து இந்த மையத்துக்கு டீச்சராக வந்தவள். அண்ணனுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவன் மகளாவது என்னிடம் வருவாள் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அவள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் யானையும் மயிலும் வரைந்தேன்.

ஜூன் மாதம் அவளும் டை கட்டிக்கொண்டாள்.

"ஏனுங்கண்ணி, நான் ஒருத்தி இங்க இருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?" என்றேன்.

அண்ணி தறியை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "உன்றகிட்ட வந்தா செல்லங் கொஞ்சீட்டு உக்காந்துக்குவா அம்மிணி. அங்க மிஸ்ஸு இங்கிலீசுலயே பேசறாங்களாமா!"

அந்த மிஸ்ஸை எனக்குத் தெரியும். கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் பின்னால் படித்தவள். எனக்குத் தெரியாத இங்கிலீசு எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் வேன் கதவைத் திறந்து அவள் கை நீட்டினால், என் அண்ணன் மகள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிவிடுவாள்.

அந்தப் பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். அண்ணிக்குத் தறி இருக்கிறது. அதனால் மதியத்துக்கு மேல் பிள்ளை என்னிடம். ஒரு நாள் ஷூவைக்கூடக் கழற்றாமல், மற்ற பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, என் ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நாந்தான் மிஸ்ஸு. எல்லாரும் கையக் கட்டுங்க!"

கட்டினார்கள். நான் சொன்னால் ஒருநாளும் கட்டாதவன்கூட.

"அப்ப நான் யாரு சாமி?"

கொஞ்சம் யோசித்தாள். "நீங்க ஆயா, அத்தை. ஆயாதான் பாத்ரூம் கூட்டிட்டுப் போவாங்க."

சமையல் பார்க்கும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "டிகிரி ஆயாங்கோ!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குட்டி மிஸ்ஸுக்குத் தூக்கம் வந்தது. ஸ்கேலைப் போட்டுவிட்டு என் மடியில் வந்து படுத்தாள். கால் மரத்துப்போனது, நான் அசையவில்லை. கூட்டிப்போக வந்த அண்ணியிடம் முதலில் இதைத்தான் கேட்டேன்.

"அந்த மிஸ்ஸு மடியில இவ என்னைக்காச்சும் தூங்கியிருக்காளாங்க?"

"அங்க ஏது தூக்கம்? கண்ண மூடுனாலே தட்டி எழுப்பிருவாங்களாமா."

அன்று இரவு இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். காலையில் வேன் ஹாரன் அடித்தது. மறுபடி வயிறு எரிந்தது.