பல் டாக்டரின் நானூறு குதிரைகள்

எங்கள் தெருப் பல் டாக்டர் நானூறு குதிரைசக்தி கார் ஒன்று வாங்கினார். பின்சக்கரங்கள் உந்தித் தள்ளும் வண்டி. வளைவில் அவசரப்பட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் தட்டாமாலை சுற்றும்.

டாக்டர் சுற்றினார். பந்தயத் தடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து, சிவப்புக் கையுறை மாட்டிக்கொண்டு, நான்கு ஞாயிற்றுக்கிழமையும் சுற்றினார். முதலில் டயரைத் திட்டினார், பிறகு ரோட்டைத் திட்டினார். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போதுகூட வளைவில் திரும்பும் கலையைப் பற்றித்தான் வகுப்பெடுத்தார். வாயைப் பிளந்துகொண்டு கிடந்த நான் என்னத்தைச் சொல்ல?

ஐந்தாம் ஞாயிறு வேடிக்கை பார்க்க என்னையும் தன் அக்காவையும் கூட்டிப்போனார். அக்கா இருபது வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தம்பி இரண்டு முறை சுற்றியதைப் பார்த்துவிட்டு, "எறங்குடா, நான் ஒரு ரவுண்டு போறேன்" என்றார்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தார். ஸ்டீயரிங் நேரான பிறகுதான் மிதித்தார். தடம் முழுக்க ஒரு சறுக்கல் இல்லை.

பயிற்சியாளர் காரருகே ஓடிவந்தார். "எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?"

"வேனும் பின்சக்கர வண்டிதாங்க. வளைவுல ஆட்டினா பிள்ளைங்க வாந்தி எடுத்துரும். கழுவுறது நான்தானே?"